மாந்தோப்பு குடும்பம், காவேரிப்பட்டணம்

குமார் (ஓசூர்): வரும் ஞாயிறு அப்பாவுக்கு 16ஆம் நாள் காரியம். காலை 8 மணிக்குள் தோட்டத்து வீட்டுக்கு வந்துவிடுங்கள். மறுநாள் இ-சேவை மையத்தில் வாரிசு சான்றுக்கு மனு போட வேண்டும். அம்மா, நான், செல்வி, லதா, நாலு பேர் ஆதாரும் எனக்கு அனுப்புங்கள்.

செல்வி (தருமபுரி): சரி அண்ணா

லதா: 🙏

மாமா (பாலக்கோடு): நாலு இல்லை குமார், ஐந்து. உன் அப்பாவைப் பெற்ற ஆயாவை விட்டுவிட்டாய்.

குமார்: ஆயாவா? எதுக்கு?

மாமா: 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சரிசமப் பங்கு. உன் அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய தோப்பில் ஆயாவுக்கு ஐந்தில் ஒன்று. ஆயாவும் எழுதி வைக்காமல் போனால் அந்தப் பங்கு உன் சித்தப்பா, அத்தை, நீங்கள் மூவர் என்று மறுபடி பிரியும். அப்புறம் தோப்பை விற்க அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். நான் வி.ஏ.ஓ.வாக இருந்தபோது தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாக்களை நிறையப் பார்த்தேன். பேரன்மார் கோர்ட்டுக்கு நடந்தே ஓய்ந்து போனார்கள்.

சித்தப்பா: எனக்கு அண்ணன் சொத்து வேண்டாம் மாமா. எங்கம்மா ஒரு ரேகை வைத்துக் கொடுத்துவிடும்.

மாமா: வெறும் ரேகை செல்லாது. பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும்.

அத்தை: வேண்டாம்னு சொல்ல உனக்கென்ன, கிணற்றடி நிலம் இருக்கு. நகை போட்டாச்சுன்னு எனக்கு ஒரு சென்ட் கூட எழுதலை.

சித்தப்பா: அக்கா, அது இங்க வேண்டாம்

[இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

லதா: அப்பா உயிலே எழுதலையா?

செல்வி: நான் கேட்டேன். என்னை அனுப்பி வைக்கப் பார்க்கிறியான்னு கோபப்பட்டார்.

குமார்: பாங்க் டெபாசிட்டில் பிரச்சினை இல்லை. நாமினி நான்தான்.

மாமா: நாமினி என்றால் பாங்க் உன் கையில் கொடுக்கும், அவ்வளவுதான். வாரிசுகளுக்குப் பிரித்துத் தர வேண்டியது நீ.

லதா: கேட்டுக்கோ அண்ணா

குமார்: நான் என்ன தூக்கிட்டா போகப் போறேன்?

சித்தப்பா: குமார், பெங்களூரா மாங்காய் வியாபாரி மறுபடி போன் பண்ணினான். குத்தகை முன்பணம் யாரிடம் தரணுமாம்?

குமார்: அம்மாகிட்ட

லதா: போன வருஷ விலைக்கு விட்டுடாதீங்க

மாமா: பேச்சு எங்கேயோ போகிறது. இருக்கிறவர்களாவது உயில் எழுதி வையுங்கள். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்துவிடுவது நல்லது. மனசு மாறினால் எத்தனை முறையும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் அப்படி இல்லை, நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. பரம்பரைச் சொத்தில் அவரவர் பங்கை மட்டும்தான் உயில் எழுதலாம். 2005 திருத்தத்துக்குப் பிறகு அதில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை.

அத்தை: அந்தச் சட்டம் என் கல்யாணத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும்

செல்வி: மாமா, நீங்க எழுதியாச்சா?

மாமா: பதிந்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

அத்தை: எந்த பீரோவில்? எனக்கே சொல்லலையே

மாமா: இரு, எடுத்து வருகிறேன்

லதா: ஆயாகிட்ட யார் பேசுறது?

சித்தப்பா: நான்

அத்தை: நீ தனியா வேண்டாம், நானும் வரேன்

குமார்: சரி, ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் உட்காரலாம். அம்மா இப்போது எதுவும் பேச வேண்டாம் என்கிறார்.

மாமா: பேசத்தான் வேண்டும் குமார். ஆயாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே முடித்துவிடுவோம்.

லதா: அண்ணா, சனி ராத்திரி ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கறேன். கார்ல இடம் இருக்கா?

குமார்: பார்க்கிறேன். வாழை இலைக் கட்டும் ஏத்தணும்.