புதுப்பிப்பு: ராட்சதக் கடைப் பலகைகள் மறுஆய்வுக்கு வந்துவிட்டன

மாடி ஜன்னலையே மூடும் அளவுக்குக் கடைப் பெயர்ப்பலகைகள் பெருத்துவிட்டன என்று முன்பு புலம்பியிருந்தேன் அல்லவா, அதை உள்ளாட்சி மன்றம் இப்போது மறுஆய்வுக்கு எடுத்திருக்கிறது. புதிய விதிகளின் வரைவைப் படித்தேன், பரவாயில்லை.

பலகையின் பரப்பைக் கடை முகப்பின் அகலத்தோடு இணைக்கிறார்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோ 2007 முதல் இதைத்தான் செய்கிறது: முகப்பு 10 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் பலகை 1.5 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. அங்கேயும் வியாபாரிகள் கொதித்தார்கள், விளம்பர நிறுவனங்கள் வழக்குப் போட்டன, ஆனாலும் சட்டம் நின்றது.

வரைவில் எனக்கு முதலில் உறுத்துவது இதுதான். அளவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் பலகை உறுதியாக நிற்குமா என்பதைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிட்டார்கள். பெரிய பலகை காற்றில் கப்பல் பாய் மாதிரி, பரப்பு இரண்டு மடங்கானால் அதன்மேல் விழும் காற்றின் விசையும் இரண்டு மடங்கு, அதையெல்லாம் தாங்குவது சுவரில் இறங்கியிருக்கும் நாலைந்து போல்ட்தான், அதுவும் துருப்பிடித்துச் சுற்றிலும் சிமென்ட் பெயர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம், பழைய பலகைகளுக்கு அவகாசம் உண்டாம். நியாயம்தான், அனுமதி வாங்கி வைத்தவரை ஒரே நாளில் கழற்றச் சொல்ல முடியாது. அனுமதியே வாங்காதவருக்கும் அதே அவகாசமா என்பதில் தெளிவில்லை. ஆட்சேபனையை எழுத்தில் கொடுக்கலாம், இந்த இரண்டையும் கேட்டு நான் கொடுக்கப்போகிறேன்.