அப்பா சேர்த்த உலர்ந்த செடிகள்: ஹெர்பேரியத்தில் வாங்கிக்கொள்வார்களா?

கேள்வி:
அப்பா கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்தியவர். அவர் செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்த செடிகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. சிலவற்றில் ‘கொல்லிமலை, 1978’ என்று இருக்கிறது. மீதியில் மூலையில் பென்சிலால் ஒரு எண் மட்டும். ஒரு இடத்தில் கேட்டதற்கு ‘இடமில்லை’ என்றுவிட்டார்கள். வேறு எங்காவது எடுத்துக்கொள்வார்களா?

பதில் 1:
ஹெர்பேரியத்தில், அதாவது காய்ந்த செடிகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் இடத்தில், இருபது வருஷம் செடிகளைத் தாளில் ஒட்டியவன் சொல்கிறேன். இடம் நிஜமாகவே பிரச்சினைதான். ஒரு தாளை உள்ளே எடுத்தால் காலத்துக்கும் பூச்சி அரிக்காமல் காக்க வேண்டும். அதனால் பெட்டியைத் திறந்ததும் நான் செடியைப் பார்க்க மாட்டேன், லேபிளைத்தான் பார்ப்பேன். எங்கே, எப்போது, யார் பறித்தது? இது தெரியாவிட்டால் எத்தனை அழகாகக் காய்ந்த செடியும் வைக்கோல்தான். அப்புறம்தான் பூவோ காயோ இருக்கிறதா என்று பார்ப்பது.

அரிய செடி மட்டும்தான் வேண்டும் என்று நினைத்துக் களைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பார்த்தீனியம் ஒரு மலைக்கு எப்போது ஏறியது என்று பின்னால் ஒருவர் தேடினால், தேதி போட்ட ஒரு தாள்தான் சாட்சி.

அந்தப் பென்சில் எண் சேகரிப்பு எண்ணாக இருக்கலாம், அதாவது பறித்தவர் ஒவ்வொரு செடிக்கும் போட்டு, அதே எண்ணில் விவரத்தைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது. அப்பாவின் குறிப்பேட்டைத் தேடுங்கள். செய்தித்தாளின் தேதியைப் பார்த்து நீங்களாக லேபிள் எழுதிவிடாதீர்கள், பழைய பேப்பரில்தான் எல்லாரும் செடி வைப்போம். ஆனால் அந்தப் பேப்பரையும் எறிய வேண்டாம்.

கொல்லிமலை என்றால் முதலில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்தைக் கேளுங்கள். 1967இல் பாதிரியார் மேத்யூ தொடங்கியது. அந்த மலைகளெல்லாம் அவர்கள் நடந்த மலைகள். அவர்களிடம் இருக்கும் இனங்களாகவே இருந்தால் கோவையில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு எழுதிப் பாருங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், முதலில் பட்டியலும் நாலு படமும் போதும்.

பதில் 2:
வெறும் கையால் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் பூச்சிக்காக மெர்க்குரிக் குளோரைடில் முக்குவது வழக்கம், விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
குறிப்பேடு கிடைத்துவிட்டது! பரணில், அம்மாவின் ரேஷன் கார்டுகளோடு இருந்தது. ‘212. அறப்பளீசுவரர் கோயில் தாண்டி ஓடைக்கரை. சிறு மரம், வெள்ளைப் பூ, நல்ல வாசனை.’ இப்படியே 340 வரை போகிறது. எண்களைத் தாளோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். 212ஐத்தான் இன்னும் காணோம்.