பிள்ளைகளோடு ஓடைத் தண்ணீரைச் சோதிக்கப் போனவர்கள் இருக்கிறீர்களா?

பள்ளத்துக்காரன்:

குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பள்ளத்தை எடுத்துக்கொண்டார்கள். வழிகாட்டி டீச்சருக்குத் துணையாக நானும் போனேன். எனக்கு வேலை பக்கெட் தூக்குவதுதான். கிட் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: பிஎச் தாள், நிற அட்டை, கரைந்த ஆக்சிஜன் பார்க்க அந்தக் குட்டிப் புட்டிகள். எங்கள் பள்ளம் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்ததே. ஒரு பக்கம் கோழிக்கழிவு, ஒரு பக்கம் சாக்கடை, நடுவில் பாசி மூடிய பச்சைத் தண்ணீர்.

சோறு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வாக்கில் தண்ணீர் எடுத்தார்கள். ஆக்சிஜன் எகிறிவிட்டது. அட்டையில் இருந்த கடைசிக் கட்டத்துக்கும் மேலே. அப்படி வந்தால் படிவத்தில் ‘மிக நன்று’ என்ற இடத்தில் டிக் போட வேண்டும். எழுதிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பெண் பேனாவை மூடிவிட்டாள். “போன வாரம் இதே இடத்துல ஜிலேபி மீனெல்லாம் செத்து மிதந்துச்சு, நானே பார்த்தேன். நல்லாருக்குன்னு எப்படிங்க டீச்சர் போடறது?” என்றாள். டீச்சரும் வற்புறுத்தவில்லை. கட்டம் காலியாகவே மாவட்டப் போட்டிக்குப் போனது.

அங்கே நடுவர் அந்தக் காலி இடத்தில் விரலை வைத்து, “தரவு முழுமையாக இல்லை” என்றார். மதிப்பெண்ணும் குறைந்தது. அவள் அழவெல்லாம் இல்லை. “மீன் செத்தது தரவு இல்லீங்களா சார்?” என்று கேட்டாள். அவர் அடுத்த குழுவைக் கூப்பிட்டார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஏதாவது?

ஆற்றங்கரைப் பேத்தி:

எங்களிடம் கிட்டே கிடையாது. டீ வடிகட்டி, வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, பூச்சிப் படம் போட்ட ஒரு தாள். அவ்வளவுதான். தாமிரபரணிக் கரையில், பாபநாசத்தில் கோயிலுக்கு மேலே ஒரு இடம், படித்துறைக்குக் கீழே ஒரு இடம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

மேலே கல்லைப் புரட்டினால் மூன்று வால் வைத்த மேஃப்ளைக் குஞ்சுகள், மணலை ஒட்டிக் கூடு கட்டி அதற்குள்ளேயே குடியிருக்கிற கேடிஸ் புழுக்கள். இரண்டும் சுத்தமான தண்ணீரில் வாழ்கிற பூச்சிகள், பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். கீழே வந்தால் வடிகட்டி எங்கே போட்டாலும் துணி. பரிகாரம் செய்து விட்டுப் போன வேட்டி, சேலை, உள்பாவாடை, சேற்றுக்குள் அடுக்கடுக்காக. ஒரு பையன் வேட்டி ஒன்றை இழுத்துத் தட்டில் உதறினான். மடிப்புக்குள் இருந்து, அழுக்குத் தண்ணீரிலும் பிழைக்கிற சிவப்புப் புழுக்கள் மட்டும் விழுந்தன.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆச்சி, குளித்து மாற்றிய ஈரச் சேலையை ஆற்றில் விடப் போனார். பையன் தட்டைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே நீட்டி, “ஆச்சி, இந்தாப் பாருங்க, துணி கிடக்குத எடத்துல வேற எதுவுமே உசுரோட இல்ல” என்றான். ஆச்சி தட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “ஒனக்குப் பரீட்சை, எனக்குப் பரிகாரம். ரெண்டும் முடியட்டும்ல” என்று சொல்லிச் சேலையை விட்டுவிட்டார். அவன் முட்டளவு தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்துப் பிழிந்து படியில் வைத்தான். ஆச்சி திரும்பிப் பார்க்கவில்லை. பரிகாரம் முடித்தவர்கள் பார்க்கக் கூடாதாம். அவனுக்கு அது தெரியாது, தன்னை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான்.

பள்ளத்துக்காரன் அண்ணே, நம்பர் பொய் சொல்லும், பூச்சி சொல்லாது. அந்தக் கிட்டைத் தூக்கிப் போடுங்க.

பழைய லேப்காரன்:

இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்பர் பொய் சொல்லவில்லை அம்மா, அதைக் கேட்ட நேரம்தான் தப்பு. பாசி பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு அளந்தால் எகிறத்தான் செய்யும். 30 டிகிரிச் சூட்டில் இருக்கிற தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் காற்றிலிருந்து கரையும். அதற்கு மேலே பத்து, பன்னிரண்டு என்று வந்தால் அது நோயின் அறிகுறி. ராத்திரியில் அதே பாசியும், அழுகுகிற கழிவைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து இருக்கிற ஆக்சிஜனையெல்லாம் இழுத்துவிடும். விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும், பிறகு மிதக்கும். அந்தப் பெண் பார்த்த மீன்களும் அதிகாலையில் செத்திருக்க வேண்டும். நடுவர் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி “எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்” என்பது. கேட்காதவர்தான் மதிப்பெண் இழக்க வேண்டும்.

பூச்சி மட்டும் சத்தியம் செய்துவிட்டா வந்திருக்கிறது? நேற்று வெள்ளம் போயிருந்தால் சுத்தமான ஓடையிலும் தட்டு காலியாகத்தான் இருக்கும், எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும். வெறும் மணல் படுகையில் மேஃப்ளை குறைவாகவே இருக்கும், கல்லில்தான் அவை ஒட்டும். படித்துறையில் ஊரே மிதித்துக் குளிக்கிறது. மேலே கல், கீழே சேறு. இரண்டையும் ஒப்பிட்டு முழுப் பழியையும் துணி மேல் போட்டால் எப்படி?

என் கதை சின்னது. ஒரு நகராட்சிச் சாக்கடை ஓடையில் கலக்கிற இடம், பதினொன்றாம் வகுப்புப் பையன்கள். புட்டியில் தண்ணீரை நிரப்பி மாங்கனீஸ் சல்பேட், அப்புறம் கார அயோடைடு விட்டால், ஆக்சிஜன் இருக்கிற தண்ணீர் பழுப்பாகத் திரிய வேண்டும். திரிந்தது, ஆனால் வெள்ளை வெளேரென்று, பால் திரிந்த மாதிரி. ஒருவன் “கெமிக்கல் கெட்டுப்போச்சு சார்” என்றான். இன்னொருவன் ஒன்றும் பேசாமல் வாட்டர் பாட்டிலில் இருந்த குழாய்த் தண்ணீரை வேறு புட்டியில் ஊற்றி அதே இரண்டையும் விட்டான். பழுப்பு. இரண்டு புட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நோட்டில் 0 என்று எழுதினான். ஒப்பீடு செய்து பார் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இனி செய்பவர்களுக்கு: காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரண்டையும் எடுங்கள். வித்தியாசம்தான் கதை. புட்டியைத் தண்ணீருக்குள்ளேயே மூடுங்கள், உள்ளே ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. மருந்தை அங்கேயே விடுங்கள், பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டால் அது ஓடையின் கணக்கு இல்லை, வேன் பயணத்தின் கணக்கு. வெப்பநிலை எழுதாமல் ஆக்சிஜன் எழுதாதீர்கள். மீன் வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடே சொல்கிறது. அதை அட்டையில் சிவப்புக் கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள். குடல் கிருமி இருக்கிறதா என்று பார்க்க எச்2எஸ் குப்பி வாங்கலாம், தண்ணீரை ஊற்றி வைத்தால் ஓரிரு நாளில் கறுக்கும். பிள்ளைகள் நேரில் பார்த்து நம்புகிற சோதனை அது. திறந்து முகர விடாதீர்கள்.

நொய்யல் பேத்தி:

நான் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. 2010, எட்டாம் வகுப்பு. நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தாத்தாவின் ஊர். அணை கட்டி முடித்தது 1992-ல், பாசனத்துக்காக. அதில் திருப்பூர்ச் சாயத்தண்ணீர் வந்து தேங்கிய கதையை நான் சொல்ல வேண்டாம், கொங்கில் தெரியாதவர்கள் இல்லை.

எங்களைக் கூட்டிப்போன அண்ணன் ஒருவர் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டு, “340. பரவால்லியே, 500 வரைக்கும் குடிக்கலாம்” என்றார். நாங்களும் 340 என்று எழுதிக்கொண்டோம். வரப்பில் நின்ற தாத்தா குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பிவிட்டு, “அந்த மிசினை இன்னொருக்கா பாரு கண்ணு” என்றார். பார்த்தோம். திரையின் மூலையில் ‘×10’ என்று பொடி எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. ஆயிரத்தைத் தாண்டினால் அந்த மீட்டர் அப்படித்தான் காட்டும். 340 இல்லை, 3400.

அண்ணனுக்கு முகம் போன போக்கு! தாத்தா சிரிக்கவே இல்லை. “ரெண்டு வருசமா தென்னை சொல்லிட்டு இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரில் பாதிப் பேர் பட்டாசு வெடித்தார்கள், பனியன் வேலைக்குப் போன மீதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலேயே இரண்டும் இருந்தது, சித்தப்பா பட்டறையில் வேலை பார்த்தவர். அதைத் தனியாக எழுத வேண்டும்.

லேப்காரர் ஐயா, நீங்கள் சொன்ன எதிலும் நாக்கு இல்லையே?

பழைய லேப்காரன்:

நாக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன் அம்மா. தாத்தா பிழைத்தது அதிர்ஷ்டம்.

ஸ்கார்பரோ அப்பா:

இங்கே டொரொண்டோவில் ஹைலண்ட் கிரீக் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறது. இலையுதிர் காலத்தில் மகளின் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனார்கள், பெற்றோர் உதவிக்கு நானும். போன அன்று பார்த்து, ஒன்டாரியோ ஏரியில் இருந்து சினூக் சால்மன் ஏறிக்கொண்டிருந்தது. முழங்கை நீளத்துக்கு மேலே, முதுகு தண்ணீருக்கு வெளியே தெரிய, கல்லில் மோதி மோதிப் போகுது. பிள்ளைகள் எல்லாம் தாளில் ‘எக்ஸலண்ட்’ என்று எழுதிவிட்டார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன், இவ்வளவு பெரிய மீன் வருகுது என்றால் ஆறு நல்லாத்தானே இருக்கும்.

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. வலையைக் கொடுத்து, கல்லுக்கு அடியில் பார்க்கச் சொன்னா. செம்புழு, அட்டை, ஒன்றிரண்டு நத்தை. அவ்வளவுதான். அப்போதுதான் சொன்னா: அந்த மீன் விருந்தாளி, முட்டை போட்டுவிட்டுச் செத்துவிடும், வருசம் முழுக்க இங்கேயே இருக்கிறவையிடம் கேளுங்கள் என்று. மகள் ‘எக்ஸலண்ட்’டை வெட்டவில்லை. பக்கத்தில் ‘விருந்தாளிக்கு’ என்று எழுதினாள்.

பனிக்காலம் முடிய இன்னொரு தடவை போனார்கள், அப்ப றோட்டில் கொட்டுகிற உப்பு கரைந்து ஓடி வருகிற நேரம். இங்கே நெடுநாளுக்குக் குளோரைடு லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேலே போகக் கூடாது என்று ஒரு வழிகாட்டி அளவு இருக்குது. தண்ணீரைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி. மீற்றர் வேற கதை சொன்னது. நொய்யல் பேத்தி, உங்கட தாத்தா இங்கே இருந்திருந்தாலும் துப்பியிருப்பார்.

கரை ஏறு:

எல்லாரும் மாறி மாறிக் கதை சொல்கிறீர்கள். பிள்ளைகளை ஓடையில் இறக்கும் முன் யாராவது யோசித்தீர்களா? எங்கள் பள்ளியில் ஒரு பையனுக்கு பீர் பாட்டில் கண்ணாடி குதிகாலில் ஏறி ஐந்து தையல். என் கதை அவ்வளவுதான். இனி கேளுங்கள்.

செருப்போடு இறங்கக் கூடாது, சேற்றில் கழன்று போகும். கம்பூட் இல்லையா, பழைய ஷூ போதும். கையில் காலில் காயம் இருக்கிற பிள்ளை கரையில் நின்று எழுதட்டும். எலிக்காய்ச்சல் காயம் வழியாக ஏறும், எலி மூத்திரம் கலக்காத சாக்கடை எங்கே இருக்கிறது? முழங்காலுக்கு மேலே தண்ணீர் இருந்தால் பக்கெட்டில் கயிறு கட்டி எடுங்கள். மலை ஓடையாக இருந்தால் நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிப்பதை நம்பாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு மாணவர் போனார், எல்லாரும் செய்தியில் பார்த்தோம். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் தட்டையும் வடிகட்டியையும் அங்கேயே போட்டுவிட்டு ஏறுங்கள். பாபநாசத்தில் ஒரு பையன் சேலையைப் பிடிக்க ஆற்றில் இறங்கினான் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறார்கள். தாமிரபரணியில்! அந்த நேரத்தில் ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஆற்றங்கரைப் பேத்தி:

ஆசிரியர் அவனுக்கு இரண்டடி பின்னால், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். கயிறும் இருந்தது. எல்லாவற்றையும் எழுதினால் கதை ஓடாது என்றுதான் விட்டேன். கல், சேறு பற்றி லேப்காரர் சொன்னது நியாயம்தான், அடுத்த முறை படித்துறைக்குக் கீழேயும் கல் இருக்கிற இடமாகப் பார்க்கிறோம். ஆனால் சேற்றுக்குள் அவ்வளவு துணி கிடந்ததற்கு எந்த ஒப்பீடும் தேவையில்லை சார்.

பள்ளத்துக்காரன்:

லேப்காரர் எழுதியதை அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். இப்போது எட்டாவது. “அப்ப விடியக்காலைல போலாங்களா?” என்று உடனே கேட்டாள். டீச்சரும் சரி என்றிருக்கிறார், வருகிற சனிக்கிழமை. கரை ஏறு சொன்னபடி கயிறு கட்டிய பக்கெட்தான், யாரும் இறங்கப் போவதில்லை.

ஒரு சந்தேகம். சோதித்து முடித்த புட்டித் தண்ணீரை என்ன செய்வது? போன தடவை கிட் கொண்டுவந்தவர்களே அதைப் பள்ளத்தில்தான் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

பழைய லேப்காரன்:

அடப்பாவிகளா. சில கிட்டில் அசைடு இருக்கும், நஞ்சு. மூடி போட்ட ஒரு பழைய கேனில் சேர்த்து, மேலே பெயர் எழுதி ஒட்டி, பக்கத்தில் இருக்கிற கல்லூரி வேதியியல் லேபில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். உலோக சிங்க்கிலும் ஊற்றாதீர்கள். ஆறு மணிக்கு எடுத்த அளவை இங்கே போடுங்கள். மேகமூட்டமா, வெயிலா என்பதையும் சேர்த்து.