எண்டர் தட்டாமலே எழுத்தை வாங்குவது எப்படி? நிறமும் மாற வேண்டும் (ஜாவா)

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளியில் வேலை. பிள்ளைகள் மலையாளத்தை இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை முறையில் கடகடவென்று அடிக்கிறார்கள். தமிழ் இன்ஸ்கிரிப்டிலும் விசைகள் அதே இடம்தான், 'கே' தட்டினால் அங்கே ക, இங்கே க. இருந்தும் தமிழ் என்றால் கை தயங்குகிறது. அதற்காகவே ஒரு பயிற்சி நிரல் எழுதுகிறேன். திரையில் "கிளி" என்று வரும். பிள்ளை தட்டத் தட்ட, சரியான எழுத்து பச்சையாகவும் தப்பானது சிவப்பாகவும் மாற வேண்டும்.

தட்டியதை வாங்க ஜாவாவின் ஸ்கேனர் வகுப்பைப் போட்டேன், எண்டர் தட்டும்வரை ஒன்றும் வரவில்லை. சிஸ்டம்.இன்.ரீட் போட்டாலும் அதே கதை. அதோடு க தட்டினால் 224 என்று ஒரு எண் வருகிறது. பள்ளி லேபில் கைட் லினக்ஸ் (கேரளப் பள்ளிகளுக்கான லினக்ஸ்), வீட்டில் விண்டோஸ். எண்டருக்குக் காத்திருந்தால் இந்தப் பயிற்சிக்கே அர்த்தமில்லை. வழி சொல்லுங்கள்.

புளியரை லினக்ஸ்:
டீச்சர், காத்திருக்க வைப்பது ஜாவா இல்லை, டெர்மினல், அதாவது நிரல் ஓடுகிற கட்டளைச் சாளரம். பிள்ளை பேக்ஸ்பேஸ் அடித்துத் திருத்தலாம் என்று முழு வரியையும் தன்னிடமே வைத்திருந்து, எண்டர் வந்த பிறகுதான் நிரலுக்குத் தள்ளிவிடும். ஸ்கேனரை மாற்றி பஃபர்டுரீடர் போட்டாலும் இதேதான். கன்சோல் வகுப்பின் ரீட்பாஸ்வேர்டு எழுத்தை மறைக்குமே தவிர அதற்கும் எண்டர் வேண்டும்.

லினக்ஸில் டெர்மினலின் போக்கை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளைக்கு மைனஸ் ஐகேனான் (முழு வரிக்குக் காத்திருக்காதே), மின் 1 (ஒரு பைட் வந்தாலே கொடு), மைனஸ் எக்கோ (தட்டியதைத் திரையில் காட்டாதே) என்று கொடுங்கள். ரா என்றும் கொடுக்கலாம், ஆனால் அப்போது நிரலை நிறுத்தும் கன்ட்ரோல்-சி வேலை செய்யாது; லேபில் ரா வேண்டாம். கட்டளையை ஜாவாவிலிருந்து ஓட்டும்போது பிராசஸ்பில்டரில் ரீடைரக்ட்இன்புட்டை இன்ஹெரிட் ஆக்குங்கள். இல்லாவிட்டால் எஸ்டிடிஒய்க்கு டெர்மினலே தெரியாமல் பிழை காட்டும். முடிந்ததும் எஸ்டிடிஒய் சேன் கொடுத்துப் பழையபடி ஆக்கிவிடுங்கள். அதை ஃபைனலியில் (ட்ரை முடிந்ததும் ஓடும் பகுதி) மட்டும் வைத்தால் போதாது: கன்ட்ரோல்-சி அடித்தால் ஃபைனலி ஓடாது, நிரல் மூடும்போது ஓடுகிற ஷட்டவுன் ஹூக் ஓடும், அதிலும் வையுங்கள்.

224 தப்பான எண் இல்லை. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் க என்பது மூன்று பைட், 224, 174, 149. நீங்கள் முதல் பைட்டை மட்டும் பார்க்கிறீர்கள். சிஸ்டம்.இன்னை யுடிஎஃப்-8 கொடுத்து இன்புட்ஸ்ட்ரீம்ரீடரில் சுற்றிவிட்டால் 2965 என்று ஒரே எண்ணாக வரும், யூனிகோடில் அதுதான் க.

நிறத்துக்கு எஸ்கேப் எழுத்து (27), திறக்கும் சதுர அடைப்பு, 32, சிறிய எம் என்று வரிசையாக அச்சிட்டால் பச்சை. 32க்குப் பதில் 31 என்றால் சிவப்பு, 0 என்றால் பழைய நிறம். 0 போட மறந்தால் ப்ராம்ட்டும் பச்சையாகவே நிற்கும்.

விண்டோஸில் எஸ்டிடிஒய் கிடையாது. டெர்மினலைக் கையாளும் ஜேலைன் லைப்ரரி சேர்த்து என்டர்ராமோட் கூப்பிடுங்கள், இரண்டு சிஸ்டத்திலும் ஓடும்.

நகரி:
புளியரை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் தமிழ் எழுத்துக்கு டெர்மினல் வேண்டாம் என்பேன். பல டெர்மினல்களில் கொம்பும் காலும் தள்ளிப்போய் நிற்கும். எழுத்துப் பழகுகிற பிள்ளை உடைந்த எழுத்தைப் பார்க்கக் கூடாது.

ஜாவாவில் ஜன்னல் வரையும் லைப்ரரியான ஸ்விங்கில், பல நிறம் காட்டும் எழுத்துப் பெட்டியான ஜேடெக்ஸ்ட்பேன் எடுங்கள். ஜேடெக்ஸ்ட்ஏரியா முழுதும் ஒரே நிறம்தான் தரும். எடிட் செய்வதை நிறுத்திவிட்டு விசை தட்டுவதைக் கவனிக்கும் கீலிஸனரில் கீடைப்டு வைத்தால் எண்டரே வேண்டாம். கீபிரஸ்டில் வருவது விசையின் எண்தான், தமிழ் எழுத்து கீடைப்டில்தான் வரும். எதுவுமே வரவில்லை என்றால் ஃபோகஸைப் பாருங்கள், அதாவது தட்டுவது அந்தப் பெட்டிக்குப் போகிறதா என்று.

இதைவிட முக்கியமானது ஒன்று. "கி" என்பது கணினிக்குள் க, ி என்று இரண்டு. க வந்த உடனே அதை மட்டும் பச்சையாக்கினால் எழுத்து இரண்டாக வெட்டுப்பட்டு, ி புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். சொல்லை முதலிலேயே முழு எழுத்துகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து வடிவத்தைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்வும் பெரிய எக்ஸும் போட்டால் பிரிந்துவிடும், ஜாவா 9 முதல் உண்டு. அப்புறம் நிறம் போடும் செட்கேரக்டர்ஆட்ரிபியூட்ஸுக்கு அந்த முழு எழுத்தின் தொடக்கத்தையும் நீளத்தையும் கொடுங்கள். அந்த மெத்தட் ஸ்டைல்டுடாக்குமெண்டில், அதாவது ஜேடெக்ஸ்ட்பேனுக்குள் இருக்கும் ஆவணத்தில், இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஸ்விங்கில் போட்டேன், எழுத்து உடையவில்லை. க தட்டியதும் "கி" முழுவதும் மஞ்சள், ி வந்ததும் பச்சை என்று வைத்திருக்கிறேன். பாதி வந்துவிட்டது, இன்னும் ஒரு விசை இருக்கிறது என்று பிள்ளைக்கே தெரிகிறது.

ஒரு சந்தேகம் மட்டும். "கொ" எப்படி? ெ, ா என்று இரண்டாகத் தட்டுகிற பிள்ளைக்கும் சரி சொல்ல வேண்டும்.

நகரி:
டீச்சர், நார்மலைசர் வகுப்பில் என்எஃப்சி, அதாவது பிரிந்து வரும் குறிகளைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும் முறை. தட்டியதையும் விடையையும் அதில் போட்டபின் ஒப்பிடுங்கள். ெ, ா இரண்டும் சேர்ந்து ஒரே ொ ஆகிவிடும்.