ஓகானெல் சூத்திரத்தை நம்பித் தட்டு எண்ணிக்கை போடலாமா?

தட்டெண்ணி: புதிய டிஸ்டிலேஷன் டவர் (கலவையைக் கொதிக்கவைத்துத் தட்டுத் தட்டாகப் பிரிக்கும் கோபுரம்). ஆல்ஃபா (ஒப்பு ஆவியாகுதன்மை, அதாவது ஒரு பொருள் மற்றதைவிட எவ்வளவு எளிதாக ஆவியாகிறது என்பது) 1.10, திரவத்தின் பாகுத்தன்மை 0.2 சென்டிபாய்ஸ். சிமுலேட்டர் 90 இலட்சியத் தட்டு (ஆவியும் திரவமும் முழுச் சமநிலைக்கு வரும் கற்பனைத் தட்டு) கேட்கிறது. ஓகானெல் 1946இல் தந்த முறைப்படி இரண்டையும் பெருக்கி, அந்த எண்ணை அவருடைய கோட்டில் பார்த்தால் திறன் (நிஜத் தட்டு இலட்சியத் தட்டை எவ்வளவு நெருங்குகிறது என்பது) 71% வருகிறது, ஆக 127 தட்டு. இதைப் பார்த்து எங்கள் குழுவில் ஒருவர் சிரிக்கிறார். என்ன தப்பு?

ஆவிப்பக்கம்: நானும் சிரிப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சூத்திரத்தில் துளையின் அளவு இல்லை, வெயர் (தட்டில் திரவத்தைத் தேக்கும் தடுப்பு) உயரம் இல்லை, ஆவியின் வேகம் இல்லை. சல்லடைத் தட்டின் திறனைக் கணிக்க 1984இல் வந்த சான்–ஃபேர் முறை இருக்கும்போது எதற்கு இந்தப் பழைய கோடு?

பழைய கொதிகலன்: ஒழுங்காக வடிவமைத்த தட்டு, வீப்பிங்கும் (துளை வழியே திரவம் ஒழுகுவது) ஃப்ளடிங்கும் (திரவம் இறங்க முடியாமல் நிரம்புவது) இல்லாமல் ஓடினால், அந்த விவரங்களால் திறன் பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் இரண்டே எண்களை வைத்து அந்தக் கோடு இத்தனை காலம் தாக்குப்பிடிக்கிறது.

ஆவிப்பக்கம்: திரவம் ஓடும் தூரத்தையுமா விட்டுவிடுவீர்கள்? அகலமான தட்டில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போவதற்குள் திரவத்தின் செறிவு மாறிவிடுகிறது, அதனால் மர்ஃப்ரீ திறன் (ஒரு தனித் தட்டின் திறன்) 100%ஐத் தாண்டக்கூட முடியும் (முதல்முறை கேட்டபோது நானே நம்பவில்லை). உங்கள் கோட்டில் அதற்கு இடம் எங்கே?

பழைய கொதிகலன்: இல்லைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே அகலமான தட்டில் ஓரங்களில் திரவம் தேங்கினால் அந்த லாபம் கரைந்துவிடும். சரி, அதை விடுங்கள். தட்டெண்ணி, அந்த 1.10 எங்கிருந்து வந்தது? உண்மையில் அது 1.07ஆக இருந்தால் ஃபென்ஸ்கே சமன்பாட்டில் வகுக்கும் எண்ணாக வரும் ஆல்ஃபாவின் இயற்கை மடக்கை 0.095இலிருந்து 0.068ஆக இறங்கும், அப்போது குறைந்தபட்ச இலட்சியத் தட்டுகளே 40% கூடிவிடும். நீங்கள் இரண்டு பேரும் திறன் 71ஆ 75ஆ என்று அடித்துக்கொள்கிறீர்கள்! டவர் ஓடாதபோது பழி மட்டும் திறன்மேல் விழும்.

தட்டெண்ணி: சிமுலேட்டரில் தானாக வந்த மதிப்புதான். அளந்த சமநிலைத் தரவோடு ஒப்பிடவில்லை.

ஆவிப்பக்கம்: அப்படியென்றால் முதலில் அதைப் பாருங்கள், இந்த ஒரு விஷயத்தில் பழைய கொதிகலன் சொல்வது சரி. ஆனால் ஆல்ஃபா சரியானதும் சான்–ஃபேரில் ஒருமுறை போட்டுவிட்டு வாங்க, ஓகானெல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை.