மேற்கு வெயில் அடிக்கும் புது வீடு: செடி, திரைச்சீலை, தையல் மெஷின் – எதை முதலில் கவனிப்பது?

புதுக்குடி

வணக்கம். வீடு மாறி பத்து நாள் ஆகிறது. ஹால் ஜன்னலும் பால்கனியும் மேற்குப் பக்கம். மதியம் 1 மணிக்கு மேல் நேர் வெயில், அதற்கு முன்னால் வெறும் வெளிச்சம்தான். நாலு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

பழைய வீட்டிலிருந்து வந்த 12 தொட்டிச் செடிகளிலும் இலை மஞ்சளாகி உதிர்கிறது. உடனே மண் மாற்றி வைக்கலாமா?

ஜன்னல் அகலம் 60 இன்ச். ராடு மாட்டப்போகும் இடத்திலிருந்து தரை வரை 84 இன்ச். 54 இன்ச் பன்னா (துணியின் அகலம்) காட்டன் துணியில் வளையத் திரை தைக்க எத்தனை மீட்டர் எடுக்க வேண்டும்?

மெஷின் இங்கே வந்ததிலிருந்து தையல் விட்டு விட்டு விழுகிறது. துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்குகிறது.

பழைய திரைகள் இரண்டு (48 இன்ச் அகலம், 60 இன்ச் நீளம், கனமான காட்டன்) இந்த ஜன்னலுக்குக் குட்டை. அதில் ஒரு ஸ்கர்ட் தைக்க முடியுமா? இடுப்பு 30, நீளம் 32.

மாடிப்பச்சை

மண்ணை இப்போது தொடவே தொடாதீர்கள். பழைய இடத்து வெளிச்சத்துக்குப் பழகிய இலைகளைத்தான் செடி உதிர்க்கிறது. புது இடத்துக்கு ஏற்ற இலையை அது இனிமேல்தான் விடும். அந்த நேரத்தில் வேரையும் கலைத்தால் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அறுந்து, இரண்டு பக்கமும் அடி வாங்கும். புதுத் துளிர் வரும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம், உரமும் வேண்டாம், கவாத்தும் வேண்டாம். விரலை இரண்டு இன்ச் ஆழம் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உதிர்வதைப் பார்த்துப் பதறி ஊற்றும் தண்ணீரில்தான் பாதிச் செடிகள் வேர் அழுகிச் சாகின்றன.

எந்த இலை போகிறது என்று பாருங்கள். அடி இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் இடமாற்றத்தின் விளைவு, தானே நிற்கும். மேற்குப் பக்கம் பார்த்த இலைகளில் மட்டும் வெளிறிய திட்டு விழுந்து காகிதம் போல் காய்ந்தால் அது வெயில் சுட்டது. அந்தச் செடியைச் சுவர் ஓரமாக இழுத்துவிட்டு, தினம் அரை மணி நேரம் கூட்டிக் கூட்டி வெயிலுக்குப் பழக்குங்கள்.

புதிதாக எதுவும் வாங்கும் முன் ஒரு நாள் செலவழியுங்கள். மேகம் இல்லாத நாளில் மணிக்கு ஒருமுறை, வெயில் விழும் எல்லையைச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். 1 மணி முதல் 6 மணி வரை விழுந்தால் 5 மணி நேரம். மிளகாய், சாமந்தி, துளசி தாங்கும். தக்காளி 6 முதல் 8 மணி நேரம் கேட்கும் செடி, காய் குறையும். நிழல் செடிகளைக் கம்பி ஓரத்தில் வைக்காதீர்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்கு மேற்கு வெயில் ஆகாது, பக்கவாட்டில் சூடேறி வேர் வேகும். அதை இன்னொரு பெரிய தொட்டிக்குள் இறக்கி வைத்தால் நடுவில் நிற்கும் காற்று காப்பாற்றும்.

பிறகு மாற்றும்போது மண், மட்கிய உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நார்க்கழிவை இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு போகட்டும். அடியில் ஜல்லி பரப்பாதீர்கள். தண்ணீர் மண்ணிலிருந்து ஜல்லிக்குச் சட்டென்று இறங்காது. ஜல்லிக்கு மேலே உள்ள மண் நனைந்து ஊறியபடியே நிற்கும், வேருக்கான இடமும் குறையும். ஓட்டையின் மேல் ஒரு வலைத்துண்டு போதும்.

எடையையும் கணக்கில் வையுங்கள். 12 இன்ச் தொட்டி ஈர மண்ணோடு 15 முதல் 20 கிலோ வரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி என்றால் பெரிய தொட்டிகள் வீட்டுச் சுவரை ஒட்டி, சின்னவை விளிம்பில்.

ஊசிநூல்

மெஷின் கெட்டுப்போகவில்லை என்றே நினைக்கிறேன். அடியில் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் அடி நூலைத்தான் சந்தேகப்படுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் மேல் நூல். துணியை அழுத்தும் பிரஷர் ஃபுட் கீழே இறங்கியிருக்கும்போது, மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இரண்டும் இறுக மூடியிருக்கும். அப்போது நூல் கோத்தால் அது தட்டுகளுக்கு நடுவே போகாமல் மேலோடு நிற்கும். பிடிப்பு இல்லாத நூல் அடியில் போய்க் குவியும். ஃபுட்டைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். பிறகு ஃபுட்டை இறக்கி, ஊசிப் பக்கம் நூலை இழுங்கள். இப்போது கை உணரும்படி இறுக்கம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தட்டுகளுக்கு நடுவே பஞ்சு அடைத்திருக்கிறது. மடித்த துணி ஓரத்தை உள்ளே விட்டு இழுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

தையல் விடுவதற்கு ஊசியை மாற்றுங்கள். வண்டியில் வரும்போது ஊசி மாட்டியபடி இருந்திருந்தால் மயிரிழை வளைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தட்டையான பக்கத்தைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் கீழே உள்ள இடைவெளி முனை வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். ஊசி அரை மில்லி தள்ளிப் போனாலே ஷட்டிலின் முனை நூல் கண்ணியைப் பிடிக்காமல் தாண்டிவிடும். விட்ட தையல் அங்கேதான் பிறக்கிறது. மாட்டும்போது நீளப் பள்ளம் இருக்கும் பக்கம் நூல் நுழையும் பக்கமாக வர வேண்டும். முட்டும் வரை மேலே தள்ளித்தான் திருகை இறுக்க வேண்டும். சாதாரண காட்டனுக்கு 14 நம்பர், கனத் துணிக்கு 16.

அடி நூலுக்கு ஒரு சோதனை: நூலைப் பிடித்து பாபின் கேஸைத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது, கையை லேசாக வெட்டினால் ஒன்றிரண்டு இன்ச் இறங்கி நிற்க வேண்டும். (ஷட்டிலோடு நிலையாக இருக்கும் மேல்பக்க பாபின் மெஷினுக்கு இது பொருந்தாது.) கேஸில் உள்ள சின்னத் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

எண்ணெய் ஓட்டை ஒன்றுக்கு ஒரு சொட்டு, மெஷின் எண்ணெய் மட்டும். சமையல் எண்ணெய் ஊற்றினால் சில மாதத்தில் பிசினாகி இறுகிவிடும். எண்ணெய் விட்டபின் நூல் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டி, பழைய துணியில் தைத்துக் கறையை எடுத்துவிடுங்கள்.

அளவுநாடா

திரைக்கு வருகிறேன். ராடு ஜன்னலைவிட இருபுறமும் 6 இன்ச் நீளட்டும், ஆக 72. மேற்கு வெயில் ஓரத்தில் கசியாமல் இருக்க அது வேண்டும். அந்த அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மூடியபின்னும் அலை நிற்கும், அதாவது 144. 54 பன்னாவில் மூன்று வீச்சு (திரையின் நீளத்துக்கு வெட்டும் முழு அகலத் துண்டு) எடுத்து, மூன்றாவதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஒரு திரைக்கு ஒன்றரை வீச்சு. 54 + 27 = 81. இணைப்புத் தையலுக்கு 1, பக்க மடிப்புகளுக்கு 4 கழித்தால் 76. இரண்டும் சேர்ந்து 152, தாராளம். பாதி வீச்சு சுவர்ப் பக்கம் வரட்டும், நடுவில் இணைப்புத் தெரியாது.

நீளம்: வளையத் திரையில் ராடுக்கு மேலே ஒன்றரை இன்ச் துணி நிற்கும், தரையில் அரை இன்ச் விட வேண்டும். 84 + 1½ – ½ = 85. அடி மடிப்பு இரட்டையாக 4 இன்ச், அதற்கு 8. மேலே வளையப் பட்டைக்கு 4½. மொத்தம் 97½. காட்டன் சுருங்கும், 5 சதவீதம் சேர்த்து 103 என்று கணக்கிட்டு வாங்குங்கள். மூன்று வீச்சுக்கு 309 இன்ச், 8 மீட்டர் எடுத்தால் சரியாக இருக்கும். கட்டம், பூ போட்ட துணி என்றால் டிசைன் எத்தனை இன்ச்சுக்கு ஒருமுறை திரும்புகிறதோ அத்தனை இன்ச் ஒவ்வொரு வீச்சுக்கும் கூடுதல்.

வெட்டும் முன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். இணைப்புத் தையலில் கரையை (துணியின் நெய்த ஓரம்) 4 இன்ச்சுக்கு ஒருமுறை சின்னதாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கரை இழுத்துக்கொண்டு தையல் முழுக்கச் சுருங்கும். வளையம் ஒரு திரைக்கு 12, ஓரத்திலிருந்து 2½ இன்ச்சில் முதல் வளையம், பிறகு ஏறக்குறைய 6½ இடைவெளி. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் இரண்டு ஓரமும் சுவர் பக்கமாகத் திரும்பி நிற்கும். அடி மடிப்பை மட்டும் உடனே தைக்காதீர்கள். ஊசி குத்தி இரண்டு நாள் தொங்கவிட்டு, துணி இறங்கியபின் தரையிலிருந்து அளந்து மடியுங்கள்.

மேற்கு ஜன்னலில் லைனிங் இல்லாத காட்டன் சீக்கிரம் நைந்துவிடும். லைனிங்கை மேலேயும் பக்கத்திலும் சேர்த்துத் தைத்து, அடியில் தனியாக ஒரு இன்ச் குட்டையாக விடுங்கள். இரண்டு துணியும் ஒரே மாதிரி சுருங்காது.

புதுக்குடி

ஃபுட்டைத் தூக்கிக் கோத்ததும் அடிச் சிக்கல் நின்றுவிட்டது, ஊசியும் மாற்றினேன். மெல்லிய துணியில் அழகாக விழுகிறது. ஓரம் மூன்று நான்கு மடிப்பாக வரும் இடத்தில் மட்டும் இன்னும் இரண்டு தையல் விடுகிறது.

ஊசிநூல்

அது மேடு ஏறும் பிரச்சினை. ஃபுட்டின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்பக்கம் சாய்ந்தால் துணியை அழுத்திப் பிடிக்க முடியாது, ஊசியோடு துணியும் மேலே எழும்பும். மேட்டுக்கு முன்னால் நிறுத்தி, அதே கனத்தில் மடித்த துண்டுத் துணியை ஃபுட்டின் பின்பக்கம் அடியில் வையுங்கள். ஃபுட் மட்டமானதும் தைக்கலாம். தையல் நீளம் 3 முதல் 3½ மில்லிக்கு மாற்றி, அந்த இடத்தைக் கைச்சக்கரத்தால் தாண்டுங்கள்.

நேரிழை

ஸ்கர்ட் தைக்கலாம். ஆனால் துணிக்கு உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் வைத்து வெளிப்பக்கமாக அழுத்தி இழுங்கள். இழை விலகினாலோ மெல்லிய கிழியும் சத்தம் கேட்டாலோ உடுப்புக்கு ஆகாது. வெயில் அதிகம் பட்ட ஓரத்தில் இதைச் செய்ய வேண்டும், நடுவில் செய்தால் ஏமாற்றும். அடி மடிப்பைப் பிரித்ததும் உள்ளே வெளிறாத பட்டை தெரியும். சாயம் போட்டாலும் அந்த வித்தியாசம் மறையாது, புது நிறத்திலும் பட்டையாகவே நிற்கும். அதை மறைவான பாகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கு வைத்த ஸ்கர்ட் வேண்டாம். திரைத் துணி விறைப்பானது, இடுப்பில் புடைத்து நிற்கும். ஆறு பீஸ் ஸ்கர்ட் தையுங்கள். இடுப்பு 30 + லூஸ் 1 = 31. ஆறால் வகுத்தால் 5 இன்ச்சும் சொச்சமும், தையலுக்கு 1 சேர்த்து மேலே 6¼. அடியில் 14 + 1 = 15. நீளம் 32, மேல் தையலுக்கு ½, அடி மடிப்புக்கு 1½, ஆக 34. அகலமான அடி மடிப்பு வேண்டாம், விரிந்த ஓரத்தில் அது இழுக்கும்.

ஒரு பீஸை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் அடுக்கினால் ஜோடிக்கு 21¼ அகலம், இரண்டு ஜோடிக்கு 42½. ஓரச் சாய்வையும் சேர்த்தால் சுமார் 47, 48 இன்ச் திரையில் அடங்கிவிடும். நீளவாக்கில் கீழே மிஞ்சும் 26 இன்ச் துண்டில் இடுப்புப் பட்டி (33 × 3½) கிடைக்கும். மூன்றாவது ஜோடி இரண்டாவது திரையில். ஒரே திசை டிசைன் என்றால் தலைகீழாக அடுக்க முடியாது, துணி கூடப் போகும். ஒவ்வொரு பீஸின் நடுக்கோடும் நீள இழையோடு சரியாகப் போக வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் ஸ்கர்ட் ஒரு பக்கம் திருகிக்கொள்ளும்.

வெட்டும் முன் சீட் அளவை (பின்பக்கம் அகலமான இடத்தின் சுற்றளவு) பாருங்கள். இந்தக் கணக்கில் இடுப்புக்கு 8 இன்ச் கீழே சுற்றளவு 44 வரும், ஆகவே சீட் 42 வரை சரி. இடது பக்கம் 7 இன்ச் ஜிப். அடியில் பீஸின் ஓரம் நடுவைவிடக் கால் இன்ச் நீண்டிருக்கும், அதை வளைவாக வெட்டிவிட்டு மடியுங்கள், இல்லாவிட்டால் ஆறு தையலிலும் கூர் கூராகத் தொங்கும். இரண்டாவது திரையில் மிஞ்சும் 22 இன்ச் அகலத் துண்டு தோட்ட வேலைக்கு ஒரு ஏப்ரனுக்குப் போதும். பாக்கெட்டை உடம்போடு இறுக்காமல் மடிப்பு வைத்துத் தையுங்கள், கவாத்துக் கத்தரி உள்ளே உட்காரும்.

மாடிப்பச்சை

ஒன்று விட்டுப்போச்சு. ஹால் ஜன்னலடியில் தொட்டி வைப்பதாக இருந்தால் திரையிலிருந்து ஒரு சாண் தள்ளி, தட்டோடு வையுங்கள். அளவுநாடா சொன்ன 85 இன்ச் திரை தரைக்கு அரை இன்ச் மேலேதான் நிற்கும். தட்டில் தேங்கும் தண்ணீரை அது உறிஞ்சினால் அடி மடிப்பில்தான் முதலில் கரும்புள்ளி விழும், மூன்று அடுக்கு சேர்ந்த இடம் என்பதால் காயவே காயாது. தண்ணீர் ஊற்றி அரை மணி கழித்துத் தட்டைக் கொட்டிவிடுங்கள்.