உயிரியல், வேதியியல், கூடவே நாடகமா? ஏ-லெவல் பாடத் தேர்வு பற்றி ஒரு விவாதம்

ஹாரோ_தந்தை:
இங்கே லண்டனில் மகள் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வை முடித்துவிட்டாள், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுப் படிப்பான ஏ-லெவல் செப்டம்பரில் தொடங்குகிறது. உயிரியல், வேதியியல் இரண்டிலும் வீட்டில் தகராறில்லை. மூன்றாவதாகக் கணிதம் எடுப்பாள் என்று நினைத்திருந்தோம். படிவத்தில் 'நாடகமும் அரங்கும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மருத்துவம் படிக்கும் எண்ணத்தையும் விடவில்லையாம். நாடகத்தின் மேல் எனக்கு வெறுப்பில்லை. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா ஒத்திகைக்கெல்லாம் நானே காரில் கொண்டுபோய் விட்டவன். ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முழுப் பாடமாகவா? நான் வேண்டாம் என்கிறேன், அவளுடைய அம்மா "விடுங்கள், படிக்கட்டும்" என்கிறார். பாடத்தை மாற்ற இன்னும் அவகாசம் இருக்கிறது.

கிராய்டன்_கணக்கர்:
மாற்றிவிடுங்கள் அண்ணா. அவள் நடிகையாகவே ஆக விரும்பினாலும் இந்தப் பாடம் தேவையில்லை. லண்டனின் ராடா நாடகக் கல்லூரியில் நடிப்புப் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 28 இடங்கள்தான், விண்ணப்பிப்பவர்களோ ஆயிரக்கணக்கில். அங்கே தேர்வு மேடையில் நடித்துக் காட்டுவதை வைத்துத்தான், ஏ-லெவலில் நாடகம் படித்தாயா என்று கேட்பதில்லை. நடிகைக்கே வேண்டாத பாடம் டாக்டருக்கு எதற்கு? ரஸல் குழுமம் என்ற முன்னணிப் பல்கலைக்கழகங்கள் முன்பு 'பல கதவுகளைத் திறக்கும் பாடங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தன. அதில் கணிதம், இயற்பியல், வரலாறு, மொழிகள் எல்லாம் இருந்தன. நாடகம் இல்லை.

மேடைக்கல்:
அந்தப் பட்டியலை அவர்களே 2019இல் கைவிட்டுவிட்டார்கள் தம்பி, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் லண்டனில் ஓர் அரசுப் பள்ளியில் இந்தப் பாடத்தைக் கற்பிக்கிறேன். வேண்டாம் என்று சொல்பவர்களில் பலர் இதன் வினாத்தாளைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஏ.கியூ.ஏ. தேர்வு வாரியத்தின் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40 விழுக்காடு எழுத்துத் தேர்வு, மூன்று மணி நேரம். நாடக நூலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதலாம், ஆனால் அதில் ஒரு குறிப்புகூட எழுதியிருக்கக் கூடாது. மீதி 60 விழுக்காடு செய்முறை. அதில் பாதி, மாணவர்கள் குழுவாகத் தாங்களே உருவாக்கும் நாடகம். ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ட் போன்ற ஒரு நாடகவியலாளரின் முறையை உள்வாங்கி அதைச் செய்ய வேண்டும். மறுபாதி, மூன்று வெவ்வேறு நாடகங்களிலிருந்து காட்சிகளை எடுத்துப் பயின்று, மூன்றாவதை மதிப்பீட்டுக்காக மேடையேற்றுவது.

எழுத்துத் தேர்வில் கேட்பது கதைச் சுருக்கமும் அல்ல. இப்சனின் 'ஹெட்டா கேப்லர்' நாடகத்தில் மூன்றாம் அங்க முடிவில் ஹெட்டா ஒரு கையெழுத்துப் பிரதியை அடுப்பில் போட்டு எரிக்கிறாள். அவளுடைய முகத்தைப் பார்வையாளர்கள் பார்க்க வேண்டுமா, முதுகை மட்டுமா? முகம் தெரிய வேண்டுமென்றால் அடுப்பை மேடையில் எங்கே வைப்பாய்? மூன்று பக்கமும் ஆட்கள் உட்காரும் அரங்கில் அதே முடிவு செல்லுமா? நெருப்பின் வெளிச்சம் போதுமா, மேல்விளக்கை எப்போது மங்கவிடுவாய்? நோர்வேயில் 1890ஆம் ஆண்டு வாக்கில் அந்த வகுப்புப் பெண் தாளை எரிக்கும்போது எப்படி உட்கார்ந்திருப்பாள்? ஒவ்வொன்றையும் முடிவு செய்து, ஏன் என்று நூலிலிருந்தே காரணம் காட்ட வேண்டும். என் வகுப்பில் இந்த ஒரு காட்சியிலேயே ஒரு வாரம் போய்விடும். போதாததற்கு, நேரில் பார்த்த ஒரு மேடை நாடகத்தைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும்.

கிராய்டன்_கணக்கர்:
ஆசிரியை தன் பாடத்தை விட்டுக்கொடுப்பாரா? சரி, நானும் அந்தப் பாடத்திட்டத்தை இறக்கிப் பார்த்தேன். மாணவர்களே உருவாக்கும் நாடகத்துக்கு 60 மதிப்பெண். அதில் குறிப்பேட்டுக்கு 40, மேடையில் செய்வதற்கு 20! கட்டுரை எழுதித்தான் மதிப்பெண் வாங்க வேண்டும் என்றால் வரலாறு படித்துவிட்டுப் போகலாமே. அந்த 60ஐயும் போடுவது பள்ளி ஆசிரியரே. கணிதத்தில் விடை சரியா தவறா என்று தெரிந்துவிடும். இங்கே?

மேடைக்கல்:
நாங்கள் போடும் மதிப்பெண்ணை வாரியம் மாதிரி எடுத்துச் சரிபார்க்கிறது. இறுதி மேடையேற்றத்துக்குத் தேர்வாளர் பள்ளிக்கே வந்து பார்த்து மதிப்பெண் இடுகிறார். வரலாற்றுக் கட்டுரையிலும் சரி, தவறு என்று ஒரே விடை கிடையாது, அதை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள்.

விளக்குக்காரி:
நான் இந்தப் பாடத்தில் இரண்டாம் ஆண்டு. கூடவே கணிதமும் இயற்பியலும் படிக்கிறேன். எனக்கு நடிக்க வராது, மேடையில் நின்றால் கை எங்கே போகிறது என்றே தெரியாது. ஒளியமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒலி, உடை, அரங்க அமைப்பு, பொம்மலாட்டப் பொம்மை என்று எதையும் எடுக்கலாம், எல்லோரும் நடிக்க வேண்டும் என்பதில்லை. எந்த வசனத்தில் எந்த விளக்கு, எந்தக் கோணம், எத்தனை நொடியில் மங்க வேண்டும் என்று முழுத் திட்டம் போட வேண்டும். குழுவோடு செய்தாலும் மதிப்பெண் ஒவ்வொருவருக்கும் தனித்தனி.

ஆனால் மாமா, நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மேடையேற்றத்துக்கு முந்தைய வாரங்களில் மாலை முழுவதும் ஒத்திகைதான். ஒருவர் வராவிட்டால் எல்லோருக்கும் வேலை நின்றுவிடும். அந்தச் சமயத்தில் இயற்பியலில் கொஞ்சம் சறுக்கினேன். உங்கள் மகளுக்கு இரண்டு அறிவியல் பாடங்கள், அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

கிராய்டன்_கணக்கர்:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன். படிக்கும் பிள்ளையே சொல்லிவிட்டது.

வெம்பிளி_வாசகி:
பிள்ளை சொன்னதில் பாதியை மட்டும் எடுக்காதீர்கள் தம்பி. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு, அதாவது அங்கத்தைய ஏ-லெவலுக்கு, 'நாடகமும் அரங்கியலும்' என்று ஒரு பாடமாகவே இருக்கிறது. நான் அதைப் படித்துத்தான் பல்கலைக்கழகம் போனேன். அங்கே இருக்கிற மரியாதையை லண்டனுக்கு வந்ததும் நாங்கள் எங்கே தொலைத்தோம் என்று விளங்கவில்லை. இன்றைக்கு லண்டன் நேஷனல் தியேட்டரின் இயக்குநர் யார்? இந்து ரூபசிங்கம், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகள். ஹல் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். சென்னைக்காரரான அனுபமா சந்திரசேகர் கோட்சேயைப் பற்றி எழுதிய நாடகத்தை 2022இல் அதே அரங்கின் பெரிய மேடையில் இயக்கியவரும் இவர்தான்.

கிராய்டன்_கணக்கர்:
பெருமைதான் அக்கா, மறுக்கவில்லை. ஒருவர் உச்சிக்குப் போனதைக் காட்டிப் பாடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கிரிக்கெட் மட்டையை வாங்கிக் கொடுத்துவிட்டுப் படிப்பை நிறுத்தச் சொல்லலாம். அண்ணாவின் மகள் போக நினைப்பது மருத்துவத்துக்கு, நேஷனல் தியேட்டருக்கு அல்ல.

மேடைக்கல்:
அப்படியானால் மருத்துவத்தையே பேசுவோம். பல மருத்துவக் கல்லூரிகள் வேதியியலையும் உயிரியலையும் கேட்கின்றன, மூன்றாவது பாடத்தை மாணவர் விருப்பத்துக்கு விடுகின்றன. பொதுக்கல்வி, விமர்சனச் சிந்தனை போன்ற ஓரிரண்டை மட்டும் ஏற்பதில்லை. நேர்முகத் தேர்வில் நோயாளியாக ஒரு நடிகரை உட்காரவைத்து, கெட்ட செய்தியை அவரிடம் எப்படிச் சொல்கிறாய் என்று பார்க்கும் கல்லூரிகளும் உண்டு. எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்ல என் மாணவர்கள் இரண்டு ஆண்டு பழகியிருப்பார்கள்.

கிராய்டன்_கணக்கர்:
அதற்கு சனிக்கிழமை நாடக வகுப்பு போதும், லாம்டா என்ற நாடகத் தேர்வு எழுதலாம். ஏ-லெவலில் ஓர் இடத்தை ஏன் அடைக்க வேண்டும்? இன்னொன்று: கேம்பிரிட்ஜில் மருத்துவத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் குறைந்தது மூன்று அறிவியல் அல்லது கணிதப் பாடங்கள் படித்தவர்கள். பதினாறு வயதில் அந்தக் கதவை நாமே சாத்துவதா? பின்னர் மருத்துவம் பிடிக்கவில்லை, பொறியியலோ பொருளியலோ என்று மனம் மாறினால், கணிதம் இல்லாமல் எங்கே போவாள்?

மேடைக்கல்:
கணிதத்தைப் பற்றிய அந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது. பொறியியல் பக்கம் சாய்வு இருக்கிறதென்றால் நானே கணிதம் எடு என்பேன். ஆனால் பிடிக்காத கணிதத்தில் 'சி' வாங்கினால் எந்தக் கதவும் திறக்காது. மருத்துவத்துக்கு மூன்று பாடத்திலும் 'ஏ' கேட்பார்கள். அவளுடைய ஜி.சி.எஸ்.இ. கணிதம் எப்படி என்று தந்தை இன்னும் சொல்லவே இல்லை.

பள்ளிகளின் ஜி.சி.எஸ்.இ. தேர்ச்சியை அளக்க 2010இல் வந்த இங்கிலீஷ் பாக்கலோரியட் அளவுகோல் கலைப் பாடங்களைச் சேர்க்கவில்லை. பள்ளிகள் அதன் பின்னால் ஓடின, நாடக வகுப்புகள் மெலிந்தன. தன் பள்ளியில் இந்தப் பாடம் இன்னும் இருப்பதே உங்கள் மகளுக்கு வாய்ப்புதான்.

ஹாரோ_தந்தை:
ஜி.சி.எஸ்.இ.யில் கணிதத்தில் 7, நாடகத்தில் 9 (9தான் உச்சம்). இரண்டும் உயர்ந்த நிலைதான், அதனால்தான் குழப்பம். லண்டனில் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கில் நின்று பார்க்கும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதாம், இந்த மாதம் குடும்பத்தோடு போகலாம் என்கிறாள். போகிறோம். அதற்கு முன்னால் அவள் விரும்பும் நான்கு மருத்துவக் கல்லூரிகளின் நிபந்தனைகளை இருவரும் உட்கார்ந்து பார்க்கப்போகிறோம். மூன்றாவதும் அறிவியல் அல்லது கணிதமாக இருக்க வேண்டும் என்று அவற்றில் இரண்டு கேட்டாலும் கணிதம்தான். கேட்காவிட்டால் படிவத்தில் கையெழுத்துப் போடுவேன்.

கிராய்டன்_கணக்கர்:
அந்த நான்கின் பெயரையும் இங்கே எழுதுங்கள் அண்ணா. நிபந்தனைகளை நானும் பார்க்கிறேன்.

விளக்குக்காரி:
மாமா, குளோபில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், மேலே கூரையும் கிடையாது. மழைக்கோட்டு கொண்டுபோங்கள். குடை பிடிக்க விடமாட்டார்கள்.